உச்சந்தலை எண்ணெய்

திருப்பாதிரிப்புலியூர்

அன்பு மகன் சிலம்பரசனுக்கு அம்மா கொளஞ்சியம்மாள் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறபடி இருக்கிறோம். நீ அந்தக் குளிர் தேசத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கப் பாடலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

அம்மா சொன்னது இவ்வளவுதான். கையெல்லாம் மாவாக இருக்கிறது, மிச்சத்தை நீயே எழுது என்று உள்ளே போய்விட்டாள். அண்ணா, இனி எழுதுவது நான், இலக்கியா. போன் இருக்கும்போது காகிதத்தில் எழுதி உன் நேரத்தைக் கெடுப்பதற்கு மன்னித்துக்கொள். உன்னிடம் நான் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியதில்லை, போனைக் கொடுத்தால் நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். இப்போது பேசலாமென்றாலும் நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பாவின் கட்டிலுக்குக் கேட்கிறது. கேட்காது என்பாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. பின்சுவரில் ஓதம் ஏறிவிட்டது, முருங்கை காற்றில் ஒடிந்துவிட்டது. லூர்துசாமி மாமா வாரம் தவறாமல் வருகிறார். அப்பா ஓட்டிய பஸ்ஸில் கடைசிவரை கண்டக்டராக இருந்த உரிமையில் கட்டில் சட்டத்தைத் தட்டி, இன்னா டிரைவரே, ஆலப்பாக்கம் ரயில்கேட்டு தொறந்துட்டான், வண்டிய எடுக்காம படுத்துக்கினு கீறியே, பின்னாடி அத்தினி பேரும் என்னதான் திட்றான் என்பார். அப்போது அப்பாவின் மூச்சு ஒரு மாதிரி மாறும். அது சிரிப்பு என்று நான் சொல்லவில்லை, மாறும் என்று மட்டும் சொல்கிறேன். இப்போது இந்த வீட்டில் அப்பாவிடம் பேசுவது மாமாவும் நானும்தான். அம்மா நிறுத்திவிட்டாள்.

மாசியில் அப்பாவைச் சிதம்பரம் கொண்டுபோன நாள் உனக்குப் போட்டோவில்தான் தெரியும். உங்கள் கம்பெனியோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள் அங்கே ஒரு கட்டட மாடியில் முகாம் போட்டிருக்கிறார்கள், பேச்சும் அசைவும் போனவர்களின் மூளை அலையைப் பதிவு செய்து உள்ளே நினைவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்தால் அந்த அலையை வைத்தே ஆமாம், இல்லை என்று பதில் சொல்லப் பழக்குவார்கள் என்று நீதான் ஏற்பாடு செய்தாய். எவ்வளவு ஆசையாகப் போனோம் தெரியுமா. அவர் காலமெல்லாம் ஓட்டிய அதே ரோட்டில் அவரை வேனில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். தலைக்குக் குளிப்பாட்டிக் கூட்டிட்டுப் போங்க என்று மட்டும் நீ போனில் சொல்லியிருந்தாய். அம்மா சீயக்காய் போட்டு நன்றாகவே குளிப்பாட்டினாள். பிறகு வேன் கிளம்பும்போது, தலை முழுக்க ஒயர் மாட்டுவாங்களாமே, மூளை சூடாயிடப் போவுது என்று உள்ளங்கை நிறைய விளக்கெண்ணெய் எடுத்து உச்சந்தலையில் வைத்துத் தட்டினாள். எனக்கு அதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. பரீட்சைக்கும் நேர்காணலுக்கும் நம்மை அப்படித்தானே அனுப்பினாள். பிளஸ் டூ பரீட்சை முழுக்க உனக்கு நெற்றியில் எண்ணெய் வழிந்தது. யாருக்குத் தோன்றாவிட்டாலும், தலையில் எண்ணெய் வைக்காதீர்கள் என்று சொல்ல உனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அங்கே நீச்சல் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, அதிலிருந்த சின்னச் சின்னக் குழிகளில் பசை விட்டார்கள். வெண்மதி என்கிற பெண் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அப்புறம் அப்பாவிடம் குனிந்து, ஆமான்னா வலது கைய மூடறதா நெனச்சுக்குங்க, இல்லன்னா கால ஆட்டறதா நெனச்சுக்குங்க என்றாள். அசைக்கவே வேண்டாமாம், அசைப்பதாக நினைத்தாலே மூளையில் அந்த இடத்து அலை தாழுமாம், கம்ப்யூட்டர் அதைப் பிடித்துக்கொள்ளுமாம். உங்க பேரு தில்லைநாதனா, நீங்க லாரி ஓட்டினீங்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். லாரி என்று கேட்டபோது அவருக்குக் கோபம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் முடிவு உனக்கு வந்து, நீ பேசினாய். போன் ஸ்பீக்கரில், கட்டில் மேல், அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ள யாரும் இல்லம்மா, மெஷினே சொல்லிடுச்சு, நீ இனிமே வீணா ஒடம்ப கெடுத்துக்காத, பாண்டிச்சேரில ஒரு ஹோம் பாத்துட்டேன், சித்திரை பொறந்ததும் சேத்துடலாம் என்றாய். அம்மா சரிப்பா என்றாள். அதற்கு முன்பு துணி மாற்றும்போதெல்லாம் மீன்காரியோடு போட்ட சண்டையிலிருந்து உன் கல்யாணப் பேச்சு வரை அவரிடம் ஒன்று விடாமல் சொல்வாள். இப்போது வாயைத் திறக்காமல் மூட்டையைப் புரட்டுவது மாதிரி புரட்டிப் போடுகிறாள். ஏம்மா என்று கேட்டதற்கு, இல்லாத ஆளுகிட்ட பேசுனா பைத்தியம்னு சொல்லுவாங்கடி என்றாள்.

நான் யாரிடமும் சொல்லாமல் மறுபடி சிதம்பரம் போனேன். முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு எவ்வளவு கூச்சம் என்று உனக்குத் தெரியும், மாடிப்படியில் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் ஏறினேன். வெண்மதிதான் இருந்தாள். அவளே சொன்னாள். அக்கா, எண்ணெய்க்கு மேல பசை சரியா புடிக்கல, அலை தோலுக்கு வர்றப்பவே ரொம்ப சன்னமா இருக்கும், புடிக்கலன்னா அத விட்டுட்டு ரூம்ல ஓடற கரண்ட்டத்தான் மெஷின் வாங்கும், உங்கப்பாவுது பாதிக்கு மேல எங்க ஏசி எரைச்சல்தான் என்றாள். அன்னிக்கே மேல இருக்கறவங்ககிட்ட சொன்னேன், முடிச்சுட்டு அடுத்தவர ஏத்துன்னுட்டாங்க என்றாள்.

ஆக, ஒரு ஏசியைப் படித்துவிட்டு அப்பா இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். நீ முடிவை மட்டும் பார்த்தாயா, அலைகளைத் திறந்து பார்த்தாயா தெரியவில்லை. என் புள்ள மனுஷன் நெனக்கறத மெஷின்ல படிக்கிற வேல பாக்கறான் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். எண்ணெய் இல்லாமல் பார்த்தால் அப்பா கட்டாயம் பதில் சொல்வார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, அவ்வளவுதான். ஒரு முறை கழித்துவிட்டவரை மறுபடி சேர்க்க உங்கள் கம்பெனியிலிருந்து யாராவது சொல்ல வேண்டுமாம். சொல்லிப் பார். திரும்பப் பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன், பெரியவனுக்குத் தெரியாததா, நீ சும்மா கெட என்றாள். எண்ணெய் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அவள் தாங்கமாட்டாள்.

அம்மா கை கழுவிவிட்டு வந்து, எழுதி முடிச்சிட்டியா என்று கேட்கிறாள். பச்சைத் தண்ணீரில் தலை குளிக்காதே, வெந்நீர் குடி, சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே என்று எழுதச் சொல்கிறாள். நீ நூறு வயசு இருக்கணும், கண்ணுக்கு நிறைஞ்ச பொண்டாட்டி வரணும் என்று உனக்கு ஆசீர்வாதம் சொல்கிறாள். பாஸ்போர்ட்டுக்குத் தேதி முடியப் போகிறது, மறக்காதே என்றும் சொல்கிறாள்.

இனி என் சொல். எழுத உட்கார்ந்ததிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தேன். உன் பேச்சை அம்மா தட்டமாட்டாள், என் பேச்சு இங்கே எடுபடாது, சித்திரை பிறந்ததும் பாண்டிச்சேரிக்குத்தான் போகப்போகிறார். போகட்டும். ஆனால் அதை நாங்கள் அவரிடம் சொல்லமாட்டோம். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அவர் காதோடு வைத்துவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான் வாசலுக்குப் போய்விடுகிறேன். அப்பா, உன்னை ஹோமில் விடப்போகிறேன் என்று உன் வாயால் நீயே அவரிடம் சொல். உள்ளே யாரும் இல்லையென்றால் அது உனக்குக் கஷ்டமாக இருக்காது.

உன் தங்கை,
தி. இலக்கியா