வழிமொழிய எழும்பாதவள் எழுதுவது

இன்று காலை குளத்தின் கடைவாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. வெடித்துக் கிடந்த மண்ணில் முதல் தண்ணீர் இறங்கும்போது எழும் மணம், வரம்பில் நின்ற என் முகத்தில் அடித்தது. மழையில்லாத சிறுபோகத்தில் அந்தக் கடைசி வயல்களில் இந்த மணத்தை நான் ஒருநாளும் அறிந்ததில்லை. நீயும் அறிந்ததில்லை. உன் அம்மா மண்வெட்டியோடு நின்று, "வந்திட்டுது, பிள்ளை" என்றா. பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா. வீட்டுக்கு வந்த கையோடு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கடைவாய்க்காலில் உங்கள் இரண்டு ஏக்கரும் உன் அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். அவர் இறந்துவிட்டார் என்று பத்திரம் எடுக்க உன் அம்மா சம்மதிக்கவேயில்லை. அதனால் காணி உன் பெயருக்கு மாறவுமில்லை. பள்ளிக்கூடம் முடித்த வருடமே நீ வயலில் இறங்கினாய். விதைத்தாய், மருந்தடித்தாய், யானை வரும் நாட்களில் காவல் இருந்தாய். ஆனால் எந்த வயலுக்குத் தண்ணீர் என்று முடிவெடுக்கும் குளத்துக் கூட்டத்தில் உனக்கு இடமில்லை. காணி உறுதியில் பெயர் உள்ளவர்கள்தான் கதைக்கலாம். ஒவ்வொரு சிறுபோகத்திலும் தண்ணீர் போதாது என்று சொல்லி மேல்வாய்க்காலுக்கு மட்டும் விடுவார்கள். எங்கள் வயல் மேல்வாய்க்காலில் இருந்தது. என் அப்பா, விவசாயிகள் எல்லோரும் சேர்ந்த கமக்காரர் அமைப்பின் செயலாளர். கூட்ட அறிக்கை எழுதுபவரும் அவர்தான்.

"வயல் செய்யிறது நாங்கள், முடிவெடுக்கிறது அவை. இதென்னடி ஞாயம்?" என்று நீ இளைஞர் கழகத்தில் கேட்டாய். அன்றைக்கே ஒரு தீர்மானம் எழுதத் தொடங்கினோம். நீ சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். காணி யாருடைய பெயரில் இருந்தாலும், வயல் செய்யும் இளையவர்களுக்கும் கூட்டத்தில் கதைக்கவும் கை உயர்த்தவும் உரிமை வேண்டும். ஒரே ஒரு வசனம். அதை எழுத இரண்டு பின்னேரங்கள் எடுத்தோம். கமநல அலுவலர் நல்ல மனிதர். கூட்டத்துக்குக் கழகத்திலிருந்து இரண்டு பேர் வரலாம், ஒருவர் முன்மொழிந்தால் மற்றவர் வழிமொழியவேண்டும் என்றார். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

கூட்டத்தன்று காலை அப்பா வாசல் படலையில் நின்று சொன்னார்: "அங்க வந்து என்ரை மரியாதையைக் கெடுத்துப்போடாதை." சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

நீ எழும்பி வாசித்தாய். குரல் நடுங்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், "தகப்பன்ரை காணியில நிண்டுகொண்டு பெட்டை சட்டம் கதைக்குது" என்றார். மண்டபம் சிரித்தது. நீ நிறுத்தாமல் கடைசிச் சொல்வரை வாசித்தாய். தலைமை தாங்கிய அதிகாரி கேட்டார்: "இதை வழிமொழிய ஆராவது இருக்கினமோ?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். மேசைக்குப் பக்கத்தில் அப்பா பேனையைப் பிடித்தபடி குனிந்திருந்தார். நான் எழும்பவில்லை. அதிகாரி இரண்டாம் தரமும் கேட்டார். பிறகு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்.

வெளியே நீ சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தாய். நான் பின்னால் ஓடிவந்தேன்.

"கோவமே?"

"இல்லையடி. நீ எழும்புவாய் எண்டு நினைச்சன். அவ்வளவுதான்."

திட்டியிருக்கலாம் நீ. அதற்குப் பிறகு இரண்டு போகம் நாங்கள் கண்டால் கதைத்தோம். அம்மா சுகமோ, ஓம், மழை வருமோ, தெரியாது. அப்படியான கதைதான். அக்கராயன் சந்தியில் ஒருநாள் நீ பசளை மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நின்றாய். பிடித்துவிட வந்தேன். "நான் கட்டுவன்" என்றாய்.

மாரிமழையில் காலபோகத்து வயல்களை மூடிய வெள்ளத்துக்குப் பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. சேற்றில் நின்ற காய்ச்சல், பனடோல் போட்டால் போகும் என்று நீ நினைத்திருக்கிறாய். எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தபோது பிந்திவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் உன்னை உள்ளே பார்க்க விடவில்லை. நீ திரும்பி வரவுமில்லை.

எட்டாம் நாள் சடங்குக்கு அடுத்த நாள் உன் அம்மா ஒரு கொப்பியைக் கொண்டுவந்து தந்தா. "காய்ச்சலோட இருந்து எழுதினவள். உன்ரை கையெழுத்துத்தான் வடிவு, உன்னைக் கொண்டு எழுதிவிக்கோணும் எண்டு சொன்னவள்." அதே வசனம். கீழே, முன்மொழிபவர் என்று உன் பெயர். வழிமொழிபவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தாய். உன் அம்மா பார்த்துக்கொண்டிருக்கவே முற்றத்தில் இருந்து அழுதேன்.

வடிவாக எழுதி எடுத்துக்கொண்டு அதிகாரிகளின் கந்தோர் கந்தோராகப் போனேன். அப்பாவோடு சண்டை பிடித்தேன். மூன்று மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. இந்த முறை கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். முன்மொழிபவராக உன் பெயரைப் போடுங்கோ என்று கேட்டேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "செத்த ஆளின்ரை பேரைப் போட ஏலாது, பிள்ளை. நீர்தான் முன்மொழியவேணும்" என்றார்.

நான் எழும்பினேன். வாசிக்கும்போது என் குரல் நடுங்கியது. வழிமொழிய யார் என்று கேட்டதும் கழகத்துப் பிள்ளைகள் எல்லோரும் எழும்பினார்கள். மேல்வாய்க்கால்காரரிலும் இரண்டு பேர் எழும்பினார்கள். தீர்மானம் நிறைவேறியது. எங்கள் கைகளும் உயர, கடைவாய்க்காலுக்கும் அரைப் பங்கு தண்ணீர் என்று அன்றைக்கே முடிவானது. எல்லோரும் கைதட்டினார்கள். நீ வாசித்த அன்றைக்கு உனக்கு ஒரு ஆள் போதுமாயிருந்தது. அந்த ஒரு ஆள் நான்.

கூட்ட அறிக்கையின் பிரதி ஒன்றை எனக்கும் தந்திருக்கிறார்கள். நீ சொன்ன வசனம் ஒரு சொல்லும் மாறாமல் அதில் இருக்கிறது. முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. தெருவில் காண்பவர்கள் என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள். ஒவ்வொருவரையும் மறித்து உன் பெயரைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, "ஓம், பாவம்" என்றபடி போய்விடுகிறார்கள்.