தூங்க வேண்டிய மரபணு

மார்ச் 4, செவ்வாய்
பகல் ஷிப்டில் சூப்பர்வைசர் என்னைக் காட்டி, "இவரப் பாத்துக் கத்துக்குங்கய்யா, கண்ணு மூடவே மாட்டேங்கிறாரு" என்று மற்ற காவலாளிகளிடம் சொன்னாராம். அப்போது நான் நாற்காலியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்தே என் இமைகள் முழுசாக மூடாது. ஆண்டவன் கொடுத்த உத்தியோகத் தகுதி.

மகளுக்கு மறுபடி தோள்வலி. சலூனில் கையைத் தூக்கி ஐந்து நிமிஷம் முடி வெட்ட முடியவில்லையாம். "போனை மட்டும் தூக்க முடியுதுல்ல?" என்று நக்கலடித்தேன். போனை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 11
மனைவி மகளைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனாள். எனக்கு லீவு இல்லை — கேட்கவில்லை.

சோம்பல் இல்லையாம். தசை நோயாம், குடும்பத்தில் வருவது. எல்லோருக்குள்ளும் இருக்கிற ஒரு மரபணு சத்தமில்லாமல் தூங்கிக் கிடக்க வேண்டுமாம். சிலருக்கு முழித்துக்கொண்டு தசையைக் கரைக்குமாம். தூங்க வேண்டியது முழித்திருக்கிறது. முழித்திருக்கச் சம்பளம் வாங்குகிறவன் தூங்குகிறான். நல்ல குடும்பம்.

முகத் தசையும் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க டாக்டர் மகளை விசிலடிக்கச் சொன்னாராம். வரவில்லை. அவளும் அம்மாவும் ரத்தம் கொடுத்தாயிற்று. நானும் கொடுக்க வேண்டுமாம்.

மார்ச் 12
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு விசிலடித்துப் பார்த்தேன். வெறும் காற்று.

வெளியே மனைவி: "உள்ள என்ன, டயர் பஞ்சரா?"

ஆமாம்.

மார்ச் 20
இன்னும் கொடுக்கவில்லை. முதலில் ஜலதோஷம் என்றேன், பிறகு ஷிப்ட், இன்று ஊசியைக் கண்டால் தலைசுற்றும் என்றேன்.

சாப்பிடும்போது மனைவி அழுதாள். "எங்க மாமா காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாரு. என்னாலதாங்க பிள்ளைக்கு இப்பிடி." நான் என்ன செய்தேன்? "விடு, நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். மன்னித்தே விட்டேன்! தூ. அவ தலையில பழியப் போட்டுட்டு எப்பிடிடா உனக்குச் சோறு இறங்குச்சு?

இறங்குச்சு. ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு
இருவரையும் உட்காரவைத்தேன். தொண்டையைக் கனைத்து, "எனக்கு விசில் வராது" என்றேன். எந்தக் குற்றவாளியும் இப்படி ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்க மாட்டான்.

மனைவிக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் எழுந்து போய்ப் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினாள்.

மகள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. அம்மா ரத்தம் குடுக்கப் போனப்ப, வீட்ல யாராவது கண்ணைத் திறந்துட்டுத் தூங்குவாங்களான்னு டாக்டர் கேட்டாரு. கவனிச்சதில்லன்னுட்டேன்."

"ஏம்மா?"

"நீங்களே சொல்லுவீங்கன்னுதான். இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டு நானே போட்டுக் குடுத்திருப்பேன்."

பன்னிரண்டு நாள் பொறுத்திருக்கிறாள்.

மார்ச் 24
கொடுத்துவிட்டேன். தலைசுற்றவில்லை.

ஏப்ரல் 24
ரிசல்ட் வந்தது. மகளுக்கு இருக்கிறது. எனக்கும். மனைவிக்கு இல்லை. என்னிடம் லேசாக இருப்பது மகளிடமும் லேசாகவே இருக்கும் என்று சொல்ல முடியாதாம்.

இதற்கு எனக்கு நக்கல் ஒன்றும் வரவில்லை.

மே 4, ஞாயிறு
சமையலறை அலமாரியைக் கழற்றிக் கீழே இறக்கி மாட்டினோம். நான் திருகாணி முடுக்கினேன்; என் கை சோர்ந்ததும் மகள் வாங்கிக்கொண்டாள். சலூனிலும் சொல்லிவிட்டாளாம், இப்போது முடி வெட்ட வருகிறவரின் நாற்காலியைத் தாழ்த்திவைத்து, உட்கார்ந்தே வெட்டுகிறாள்.

அலமாரி இப்போது கையைத் தூக்காமலே எங்கள் இருவருக்கும் எட்டுகிறது. எங்களைவிட உயரமான மனைவிதான் குனிய வேண்டியிருக்கிறது. "அப்பனுக்கும் பொண்ணுக்கும் சேத்து நான் முதுகை உடைச்சுக்கணுமா?" என்று திட்டிக்கொண்டே டப்பாக்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.