நான்காம் இயந்திரத்தின் சத்தம்

அம்மா,

"அது எங்க அம்மா கடை மெஷின்" என்று இன்று நான் சொல்லவில்லை. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

லண்டன் வந்து மூன்று வருடம் கழித்து என் முதல் இசைத்தட்டு அச்சாகப் போகிறது. நம் ஊர் ஹல்லில், நம் சலவைக்கடையின் நான்காம் இயந்திரம் துணி உலர்த்தும்போது டக் டக்கென்று அடிக்குமே, அதைப் பதிவுசெய்து, கணினியில் அதன் மேல்தான் முழுப் பாட்டையும் கட்டியிருந்தேன். அச்சுக்கு முன் ஒலியைச் சீர்செய்யும் ட்ரெவர் சொன்னார்: "என்னம்மா, யாரோ ஜிப்பு போடாம பேன்ட்டக் காயப்போட்ட மாதிரி ஒரே டக்கு டக்கு! சுத்தமாத் தொடச்சுட்டேன்."

தட்டை வெளியிடும் நைஜல், "கண்ணாடி மாதிரி இருக்கு! அனுப்பிரலாம். ஹேசல், ஒரு டீ போடேன்" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன்.

நீ கவலைப்படாதே. என் சாம்பல் நிறக் கம்பளிச்சட்டையை அனுப்பு. நான்காம் இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஆளைக் கூப்பிடாதே. அது ஓடும்போது ஒருமுறை எனக்குப் போன் செய்; நீ பேசக்கூட வேண்டாம். பேருந்து வந்துவிட்டது.

ஹேசல்

மறுநாள்: அது உன் கடை மெஷின் சத்தம் என்று நைஜலிடம் சொல்லிவிட்டேன். "இத நேத்தே சொல்றதுக்கென்ன? அச்சுக்குப் போயிருச்சு" என்றான். தட்டு அந்தச் சத்தம் இல்லாமலே வருகிறது.