கடுக்காய் லட்டு

ஐப்பசி 11, செவ்வாய்

கண்டதையும் தின்று உடம்பு பெருத்து, என் வீட்டுக்காரருக்குக் குடலில் அழற்சி. நெய்யும் இனிப்பும் கூடாது, எடையைக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். இவருடைய அக்கா, குடலைச் சுத்தம் செய்யும் என்று மலைமேலுள்ள கரியாலூரில் கடுக்காய்ப்பொடி வாங்கி வந்தார். வெந்நீரில் கலக்கி இவருக்குக் கொடுத்தேன். துவர்க்கிறது என்று துப்பிவிட்டார்.

இன்று நான் வேலை முடிந்து வந்தால், அக்கா அந்தப் பொடியை வெல்லப்பாகில் கொட்டி லட்டு பிடித்துக்கொண்டிருக்கிறார். முழங்கைவரை நெய் வழிகிறது. முந்திரி வேறு.

"இன்னாக்கா இது?"

"மருந்துதாம்மா. சும்மா குடுத்தா அவன் எங்க துன்றான்?"

இவர் டிவி முன்னால் உட்கார்ந்து எத்தனையாவது லட்டையோ மென்றுகொண்டிருந்தார். விரல் விரலாக நக்கிவிட்டு, "டாக்டர் குடுத்த மாத்திரய தூக்கிப் போடு. இதுவே போதும்" என்றார். அந்த விரலாலேயே என் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். தம்ளரில் நெய் மிதந்தது.

இப்போது கக்கூஸுக்குள் முனகல். போய்க் கதவைத் தட்டினேன்.

"ஒண்ணும் இல்ல, மருந்து வேல செஞ்சிக்கினு இருக்குது. காலைக்கு ரெண்டு எடுத்து வை."