புது ரூமின் உத்திரம்

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை
12.8.2009

அப்பாவுக்கு சுஜிதா எழுதுறேனுங்க. நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி குறைஞ்சுதுங்களா? அம்மா மாத்திரையை ஒழுங்காப் போடறாங்களா?

ஒரு சின்ன சமாச்சாரம், பயப்படாதீங்க. மரத்தை வெட்டாம விட்டா காத்துல புகை குறையும்னுதானே எங்க திட்டம். ஊர்க்காரங்களும் வெட்டறதில்லைன்னு ஒத்துக்கிட்டிருக்காங்க. போன வாரம் மரங்களை அளக்கப் போனா, ஒரு இடத்துல அடிக்கட்டைதான் இருந்துது. ஊர்க்கூட்டத்துல, "சாமி முன்னால கேக்கறேன், யாரு வெட்டினது?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டேன். அப்படிக் கேட்டா இங்க யாரும் மறைக்க மாட்டாங்களாம். எனக்கு அது தெரியலைங்க.

நான் தங்கறதுக்குன்னு புதுசா ரூம் கட்டிக் குடுத்த ஊட்டுக்கார அர்த்தனாரி அண்ணன் எந்திரிச்சார். "நாந்தான் கண்ணு. உன்ற ரூமுக்கு உத்திரம் வேணும்ல?"

பக்கத்துல எங்க ஆபீசர். திட்டத்துல ஊர்க்காரங்களுக்குக் கூலியோட குடுக்கற மரக்கன்னு நடவு வேலை இந்த வருசம் கிடையாதுன்னு அங்கயே சொல்லிட்டார்.

வேற ஊடு கேட்டேன், யாரும் தரலை. மார்கழி வரைக்கும் அளவு வேலை இருக்கறதால நம்ம ஊருக்கும் வர முடியாது. அண்ணன் சம்சாரம் பாப்பாத்தி அக்கா இப்பவும் சோறு போடறாங்க. தட்டை வெச்சுட்டுப் பேசாமப் போயிடறாங்க. தேவராஜ் மாமா வந்தா சின்ன ஸ்டவ் ஒண்ணு குடுத்து விடுங்க, நானே பொங்கிக்கறேன்.

பஸ் ஹாரன் அடிக்குது, கண்டக்டர்கிட்ட இதைக் குடுக்கணும்.

உங்க மக,
சுஜிதா

அம்மாவோட பழைய சேலை ஒண்ணும் சேர்த்து வையுங்க. படுக்கைக்கு மேல மறைப்பாக் கட்டிக்கறேன். படுத்தா அந்த உத்திரம் நேரா கண்ணுல படுதுங்க.