ஒரே வரிசை

யெஷி,

சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். நேற்று "செத்தாலும் போக மாட்டேன்" என்று கத்தி, என் கால் கழுவ நீ வைத்த வெந்நீரைக் கவிழ்த்த வீரன் நானேதான். மன்னித்துவிடு.

நீ சந்தைக்குப் போனதும் செவிலி அஸ்னாக்கு வந்தாள்.

"வீங்கின காலுக்குன்னு இனிமே தனி நாள் இல்லண்ணே. காய்ச்சல்காரங்க, கர்ப்பிணிங்க, எல்லாருக்கும் ஒரே வரிசைதான்."

"ஊர் பாத்துடுமே?"

"ஊருக்கே தெரியும்ணே! தெரியாதுன்னு நெனச்சது நீங்க மட்டும்தான்."

பன்னிரண்டு வருடம் வெயிலிலும் வீங்கிய காலைப் போர்வையால் மூடி வியர்த்திருக்கிறேன், யெஷி. உன் புருஷன் எவ்வளவு கெட்டிக்காரன் பார்!

இஞ்செரா அப்பம் கூடையில் இருக்கிறது. ஷிரோ குழம்பு நான் வைத்தது. உப்புப் போட்ட நினைவில்லை.

வுபெத்து

பி.கு.: என் சாவியை வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போகிறேன். பாதி வழியில் திரும்பி வந்தால் கதவைத் திறக்காதே.