அட்டைக்குப் பின்னால் விழுந்த பதினேழு

பெட்டியைத் திறந்ததும் மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் வாடை வந்தது. மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை உன் பைண்டிங் கடையில் அந்த வாடையோடு கழித்தவன் நான். நீ போய் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறு வாரம், உன் மகள் வேங்கிக்காலில் என் வீடு வரை பஸ்ஸில் வந்து இதைக் கொடுத்தாள். “அத்தா உங்க பேரை எழுதி வெச்சிருந்தாரு அங்கிள். நாங்க திறந்துகூடப் பாக்கல” என்றாள்.

உள்ளே நாலு பொருள்கள் இருந்தன. அந்த இங்கிலீஷ் புத்தகம், இருபது முகப் பகடை, மூன்றாக மடித்த அட்டை, அப்புறம் நீ யாரையும் தொடவிடாத நோட்டு.

ஞாபகம் இருக்கிறதா, எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த டென்மார்க்காரர் வந்தது? ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் அறை எடுத்திருந்தார். துருப்பிடித்த பின்களோடு பிய்ந்துபோன புத்தகம் ஒன்றைத் தைக்கக் கொண்டுவந்தார். கடைக்கு வரும் எதையும் படிக்காமல் நீ தைத்ததில்லை. ஊரில் பாதிப் பேர் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து உன்னிடம்தான் பைண்ட் செய்வார்கள். அத்தனையும் உனக்கு அத்துப்படி. ஆனால் இந்தப் புத்தகம் புரியவில்லை. பி.காம். முடித்துவிட்டு அண்ணன் சம்பளத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னையும் டிக்ஷனரியையும் கூட்டிப்போய் அவர் முன்னால் உட்கார்ந்தாய். இரண்டு மத்தியானம் சொல்லிக்கொடுத்தார். ஒருவர் கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தான் என்ன செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். ஊருக்குத் திரும்பும்போது புத்தகத்தையும் பகடையையும் உனக்கே கொடுத்துவிட்டார்.

பகடையை நாம் கட்டை என்றோம். உன்னைக் கண்டக்டர் என்றோம், ஏறுவதும் இறங்குவதும் உன் விசிலில்தான் என்பதால். நானும் சைக்கிள் கடை பாபுவும் டுடோரியல் வாத்தியார் ஒருவரும் ஆட்டக்காரர்கள். புத்தகத்தில் இருந்த அரக்கர்கள் யாரும் நம் வாயில் நுழையவில்லை என்று கோயில் தூண்களில் இருந்த யாளிகளை இறக்கினாய். ராஜா ஒரு தொடர்கதையிலிருந்து வருவார், குகை இன்னொன்றிலிருந்து வரும். பாபு கண்டுபிடித்துவிடுவான். “யோவ் கண்டக்டர், இது எங்க அக்கா பைண்டு பண்ணக் குடுத்த கதையாச்சே.” நீ கொஞ்சமும் வெட்கப்படமாட்டாய். “ஆமா, வர்ற வாரம் குடுக்கறேன்னு சொல்லு, இன்னும் ரெண்டு அத்தியாயம் பாக்கி.” கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் போகும்போது வேர்க்கடலைக் காட்டைக் காட்டி, இங்கேதான் நம் படை தங்கியது என்பாய். எனக்கும் அங்கே படை தெரியும்.

காலிகோ துணி ஒட்டிய அட்டையை உன் முன்னால் தடுப்பாக நிறுத்தி, உயிர் போகும் விஷயங்களை மட்டும் அதன் பின்னால் நீ உருட்டுவாய். புத்தகம் அப்படித்தான் சொன்னது. முதல் நாளே வாத்தியார் கேட்டார், “உள்ள நீ என்ன பண்றன்னு எங்களுக்கு எப்படிப்பா தெரியும்?” நீ சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை. “கதையில எவ்ளோ வேணா பொய் சொல்லுவேன் சார். கட்டை விஷயத்துல சொல்லமாட்டேன்.” அந்த ஒரு வார்த்தையில்தான் நாங்கள் மூன்று வருஷம் உன் எதிரில் உட்கார்ந்தோம்.

என் ஆள் மாறன். வில்லாளி. அந்த மூன்று வருஷத்தின் கடைசி ஞாயிறன்று மலைக் குகைக்குள், அடி தெரியாத ஒரு பிளவை அவன் தாண்ட வேண்டியிருந்தது. “பதினொண்ணு, இல்லன்னா அதுக்கு மேல” என்றாய். அட்டைக்குப் பின்னால் கட்டை உருண்டு நின்றது. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். கழுத்தைச் சொறிந்தாய். அப்புறம், “அஞ்சு” என்றாய். பாபு எழுந்து வெளியே போய்விட்டான். இருபத்துமூன்று வயசில், இல்லாத ஒருவனுக்காக உன் பசை வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பாபு, தன் ஆள் இரண்டு தடவை செத்தும், மறு வாரமே புது ஆளோடு வந்திருக்கிறான். எனக்கு மட்டும் நீ புதுச் சட்டம் போட்டாய். “மாறன் பெரிய ஆளுடா சேகரு. அவனுக்கு ஒரு வருஷம் துக்கம். அதுவரைக்கும் நீ வராத.” அதையும் பெருமையாக எடுத்துக்கொண்டேன், பார். ஞாயிற்றுக்கிழமை செய்ய ஒன்றும் இல்லாமல் படித்தேன். அரசாங்கப் பரீட்சையில் பாஸாகிச் செய்யாறுக்கு வேலைக்குப் போனேன். அங்கிருந்து எங்கெங்கோ மாற்றல். அதற்கப்புறம் ஆட்டம் ஏது?

நேற்று மத்தியானம் உன் நோட்டைப் படித்தேன். ஒவ்வொரு உருட்டும் இரண்டு கட்டமாக எழுதியிருக்கிறாய், விழுந்தது ஒன்று, சொன்னது ஒன்று. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம்: “மாறன் தாண்டல். விழுந்தது 17. சொன்னது 5. சேகரோட அண்ணன் போன புதன்கிழமை கடைக்கு வந்து அழுதாரு. ‘என் சம்பளத்துல எத்தினி நாள் தம்பி, இவன வேலைக்குப் போகச் சொல்லு, உன் பேச்சத்தான் கேப்பான்’னாரு.”

பதினேழு. மாறன் தாண்டிவிட்டிருக்கிறான்.

விடிந்ததிலிருந்து முதல் பக்கம் தொட்டுத் தேடினேன். எங்காவது இன்னொரு பொய் இருந்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன். பாபுவுக்கு இல்லை, வாத்தியாருக்கு இல்லை. மூன்று வருஷத்தில் இரண்டு கட்டமும் ஒத்துப்போகாத ஒரே வரி என்னுடையது. அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்த என் வாழ்க்கையைப் பற்றிக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

“நல்லதுக்குத்தானே செஞ்சாரு” என்கிறாள் என் மனைவி. நல்லதுதான். பென்ஷன் வருகிறது, இந்த வீடு இருக்கிறது. ஒரு வருஷம் வராதே, போய்ப் படி என்று நீ என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே. சொன்னால் கேட்டிருக்கமாட்டேன் என்பாய். கேட்டிருக்கமாட்டேன்தான். அது என் பாடு.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரு கட்டை விழுந்த விதத்தில் என் தலையெழுத்தே மாறியது என்று நாற்பது வருஷமாக எல்லோரிடமும் கதை சொல்லியிருக்கிறேன். ஆபீசில் சொன்னேன், பிள்ளைகளிடம் சொன்னேன். உன் மகள் நிக்காஹ் அன்று பிரியாணிப் பந்தியில் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். “அஞ்சு விழுந்துச்சு, நான் பொழச்சேன்” என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். என் இலையில் இன்னொரு துண்டு கறி வைத்தாய். அன்றைக்காவது சொல்லியிருக்கக் கூடாதா? அந்தச் சிரிப்பைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பெட்டிக்கு மேல் என் பேரை நீயேதான் எழுதியிருக்கிறாய். ஆக, நான் படிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாய், ஆனால் நான் கேட்கும்போது எதிரில் இருக்க வேண்டாம் என்றும் நினைத்திருக்கிறாய். கெட்டிக்காரன்தான் நீ.

இன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜைமேல் உன் அட்டையை நிறுத்தினேன். மடிப்பில் காலிகோ இன்னும் விடவில்லை. பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் உன்னை மன்னிப்பது என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, அட்டைக்குப் பின்னால் கட்டையை உருட்டினேன். அது உப்பு ஜாடியில் இடித்து நின்றது. விழுந்ததை உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில், முதல் கட்டத்தில் எழுதினேன். கட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இனி அது என்னோடுதான் இருக்கும்.

இரண்டாவது கட்டம் காலியாகவே இருக்கிறது. எத்தனை விழுந்தது என்று உனக்குச் சொல்லமாட்டேன்.